தெரியுது, தெரியல

நான் முதன்முதலில் ஓட்டிய விமானம் எங்கள் வீட்டுப் பீரோ. அப்போது சிதம்பரத்தில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கை, என் சித்தி, விமானத்தில் கேப்டன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்குத் தேர்வு உண்டு. அதற்கு முன் லீவில் எங்கள் வீட்டுக்கு வருவாள். விமானி அறையின் படத்தைப் பீரோவில் ஒட்டி, எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பயிற்சி செய்வாள்.

உயரத்தைச் சொல்வது என் வேலை. ஆயிரம், ஐந்நூறு, நானூறு. மலைகளுக்கு நடுவே மேகத்துக்குள் இறங்கும்போது கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளைதான். கருவிகளின் முள்ளை நம்பித்தான் வர வேண்டும். முந்நூறு அடியில் ரன்வே கண்ணில் பட்டால் இறங்கலாம், படாவிட்டால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். பட்டதா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் என்னிடம் இருந்தது. நான் ஒவ்வொரு முறையும் "தெரியுது" என்றே சொன்னேன். சித்தி தோற்பதை நான் விரும்பவில்லை.

மூன்றாம் நாள் அவள் பொறுமை போய்விட்டது. "எப்பப் பாத்தாலும் தெரியுதுன்னா நான் என்னத்தடி கத்துக்கறது? தெரியலன்னு சொல்லு. மேல ஏறறதுதான் கஷ்டம்."

"அவ்ளோ கஷ்டம்னா ஏன் அங்க ஓட்டற?"

"மேகத்தை வுட்டு வெளிய வருவோம் பாரு, ரெண்டு பக்கமும் மலை, நடுவுல பென்சில்ல கோடு போட்ட மாதிரி ரன்வே. அதுக்காகத்தான்." அதைச் சொல்லும்போது அவளுக்கும் என் வயதுதான்.

அந்த முழுப்பரீட்சை லீவில், சித்தி ஓட்டும் விமானத்திலேயே வடகிழக்கில் ஒரு மலையூருக்குப் போனோம். நான், அம்மா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்த மாமா. மாமா சித்திக்கு அண்ணன். அவளுக்கு முதலில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று கடலூரிலிருந்து கல்கத்தா வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

மலைகள் நெருங்கியதும் ஜன்னல் வெளுத்தது. விமானம் குலுங்கிக்கொண்டே இறங்கியது. திடீரென்று என்ஜின் உறுமியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள, மேலே ஏறினோம். யாரோ அலறினார்கள். அம்மா என் கையை நசுக்கிவிட்டாள்.

"இன்னாச்சு? ஒங்க சித்திக்கு எறக்கத் தெரியலையா?" என்றார் மாமா.

"ரன்வே தெரியல மாமா. தெரியலன்னா ஏறிடணும். இப்ப சுத்திக்கினு மறுபடி வரும்."

மாமா அதையே தன் இங்கிலீஷில் பக்கத்து சீட்டுக்காரருக்கு எடுத்துச் சொன்னார், தனக்கு முன்பே தெரிந்ததுபோல.

இரண்டாம் முறை மேகம் விலகியது. கை நீட்டினால் தொடலாம் என்பதுபோலப் பச்சை மலை. சக்கரம் தரையைத் தொட்டதும் விமானமே கைதட்டியது. பெல்ட்டைக் கழற்றக் கூடாது என்பதால் உட்கார்ந்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க சித்தி!" என்று கத்தினேன்.

மற்றவர்கள் இறங்கும்வரை நாங்கள் உள்ளேயே இருந்தோம்; அதன்பின் சித்தி விமானி அறையிலிருந்து வெளியே வந்தாள். சபாஷ் சொல்ல வாயெடுத்த மாமா அழுதுவிட்டார். சித்தி குனிந்து என்னைக் கட்டிக்கொண்டாள்; வெகுநேரம் விடவில்லை. திறந்திருந்த கதவு வழியே வந்த குளிரில் எனக்குப் பல் அடித்துக்கொண்டது. அவள் சட்டையோ முதுகெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கூடவே, ஏசியெல்லாம் பயணிகளுக்கு மட்டும்தான், ஓட்டுகிறவர்களுக்குக் கிடையாது, பாவம் என்றும் அடித்துச் சொன்னேன்.