1,04,927 பகா எண்ணா?

என் கணவரின் குடலில் இருந்த கட்டியை எடுக்கக் காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் டாக்டர். திருவண்ணாமலையில் அன்று பௌர்ணமி. வெளியே பஸ்களின் ஹாரன் ஓயவே இல்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்னால் உட்கார முடியவில்லை. தண்ணீர்க் குழாய் வரை போவேன், திரும்புவேன், கதவுக்கு மேலே எரியும் சிவப்பு விளக்கைப் பார்ப்பேன்.

கையிலிருந்த சீட்டில் அவருடைய நோயாளி எண் இருந்தது. 104927. நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். இருபது வருடமாக அந்தப் படிப்புக்கு வேலையே இல்லை. இலக்கங்களைக் கூட்டினேன்: 23. மூன்றால் வகுபடாது. ஏழால் வகுத்தால் நான்கு மிச்சம். பகா எண்ணாக இருக்குமோ என்று தோன்றியது. அடுத்த நொடியே, அப்படி இருந்தால் அவர் பிழைத்துவிடுவார் என்றும் தோன்றியது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஸ்கேன் உறையின் பின்பக்கம் வகுக்க ஆரம்பித்தேன். 324-ஐ 324-ஆல் பெருக்கினால் இந்த எண்ணைத் தாண்டிவிடும். அதனால் 323 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். போனில் தேடினால் உடனே தெரிந்துவிடும். தேடப் பயமாக இருந்தது.

பன்னிரண்டு தாண்டியது. விளக்கு அணையவில்லை. எட்டிப்பார்த்த நர்ஸிடம் ஓடினேன். "இன்னும் டைம் ஆகும்மா," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அப்படி என்னா எழுதிக்கினே இருக்கே?" என்றார் நாத்தனார்.

"சும்மா கணக்கு, அண்ணி."

"தம்பி நல்லா வந்துட்டா மலையைச் சுத்தறேன்னு வேண்டிக்கிட்டேன். நீயும் எதனா வேண்டிக்கோ."

நான் எதன்மேல் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனேன்.

211, 223, 227. எல்லாவற்றிலும் மிச்சம் வந்தது. 313-லும் வந்தது. இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, 317. அதைத் தாண்டினால் முடிந்தது. ஈவு 331, மிச்சம் பூஜ்யம். தப்பாகப் போட்டிருப்பேன் என்று திரும்பப் போட்டேன். பெருக்கியும் பார்த்தேன். பூஜ்யமேதான். கடைசிப் படியில் உடைந்துவிட்டது.

அப்போதுதான் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கினார்.

"கட்டி பக்கத்துக் குடலோடயும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா, அதான் லேட். முழுசா எடுத்துட்டோம். நல்லா இருக்கார்."

"நெஜமாவா சார்?"

"நெஜமாதாம்மா."

மறுபடியும் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கான்னுதான சொல்றாரு, இப்ப எதுக்கு அழறே?" என்று தானும் அழுதார். பரிசோதனைக்கு அனுப்பிய கட்டியிலும் பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது.

நாலு மணிக்கு அவர் கண் திறந்தார். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வண்டியை வெயில்லயா விட்டுட்டு வந்தே?"

"ஆமாங்க," என்றேன். உடனே சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.