கூடப் பிறந்தவள் இல்லை என்றேன்

என் தங்கையை நான் இல்லை என்று சொன்னேன். உயிரோடு இருக்கிறவளை, எனக்குப் பின்னால் அதே வயிற்றில் பிறந்தவளை, "அப்படி யாரும் இல்லை" என்று வாய் கூசாமல் சொன்னேன். அந்தப் பொய்யால் அவள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கலாம்... இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். நிச்சயமாகத் தெரியாது. தெரிந்துகொள்ளும் துணிவும் எனக்கில்லை!

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள். ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். வேறு யாரிடம் போய் இதைச் சொல்வேன்?

திருநின்றவூரில் குடியிருக்கிறேன். திருமழிசையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஒரு பிசிறு கண்ணில் பட்டாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன். "அந்தாளாண்ட பேசி ஆவாது மச்சான்" என்று என் காதுபடவே முணுமுணுப்பார்கள். கறாரானவன், கோபக்காரன், பொய் சொல்லத் தெரியாதவன் என்றெல்லாம் எனக்குப் பெயர். பொய் சொல்லத் தெரியாதவனாம்! நல்ல கதை.

என் மகள் யாழினி பிறந்து சில மாதங்களிலேயே வெளுத்துப்போனாள். பால் குடிப்பதற்குள் மூச்சு வாங்கும். தாய்க்காரி ஈரல் சாப்பிட்டால் பாலில் இறங்கும், கீரை சாப்பிட்டால் தேறிவிடும் என்று தெருவே வைத்தியம் சொன்னது. என் மனைவி தேவகி எல்லாவற்றையும் சாப்பிட்டாள். குழந்தை இன்னும் வெளுத்தாள். கடைசியில் நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில்தான் விஷயம் வெளியே வந்தது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை மற்றதையெல்லாம் செய்கிறதாம், சிவப்பணுக்களை மட்டும் செய்ய மறுக்கிறதாம். அபூர்வமான நோய், பரம்பரையாக வரக்கூடியது, மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

அங்கே இந்த நோயைப் பற்றி மரபணு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. குழந்தையின் ரத்தத்தோடு எங்கள் இருவர் ரத்தத்தையும் கேட்டார்கள், கொடுத்தோம். முடிவு வந்த அன்று தேவகி வார்டில் குழந்தையோடு இருந்தாள், ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஆலோசனை சொல்லும் அம்மாவின் அறைக்கு நான் மட்டும் போனேன்.

"சார், இந்த மரபணு மாற்றம் உங்ககிட்டேர்ந்துதான் பாப்பாவுக்கு வந்திருக்கு" என்றார் அவர். "உங்களுக்கு ரத்தசோகை இல்லாம இருக்கலாம். சில பேருக்கு வெளியில எதுவுமே தெரியாது. உங்க தப்பு இல்ல சார் இது."

தப்பு இல்லையாம். பிறகு குடும்பத்தில் யார் யார் என்று கேட்டார். நான் ரேஷன் கார்டில் இருப்பதைப் போலவே ஒப்பித்தேன்... நான், மனைவி, மகள். அப்பா அம்மா தவறிவிட்டார்கள். கல்யாணம் ஆனதுமே தங்கையின் பெயரைக் கார்டிலிருந்து நீக்கிவிட்டோம் அல்லவா? எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கட்டிக் கொடுத்துவிட்டால் அவள் வேறு வீட்டுக் கணக்கு. அதுவரை அது பொய் இல்லை, பழக்கம்.

"கூடப் பிறந்தவங்க யாராவது? யாருக்காவது கட்டைவிரல் மட்டும் வித்தியாசமா இருக்கா? சில குடும்பங்கள்ல மத்த விரல் மாதிரியே நீளமா, மூணு கணுவோட இருக்கும்."

என் தங்கை கோமளாவின் இரண்டு கட்டைவிரல்களும் அப்படித்தான்! எங்கள் தெருவில் அதை ராசியான விரல் என்பார்கள். புதிதாகக் கடை திறந்தால் முதல் போணிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் ராணி மாதிரி போய் ஒரு தீப்பெட்டியாவது வாங்கிக்கொண்டு வருவாள். நாங்கள் கொண்டாடிய விரலை அந்த அம்மா நோயின் அடையாளமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம். எனக்குக் கூடப் பொறந்தவங்களே இல்ல."

சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஏன் என்று கேட்கிறீர்களா? அந்த ஞாயிற்றுக்கிழமை கோமளாவுக்கு வளைகாப்பு. பல வருடம் பிள்ளையில்லாமல், தரித்த கருவும் இரண்டு முறை கலைந்து, மாமியார் வாயில் விழுந்து எழுந்தவள். அண்ணன் வீட்டு ரத்தமே கெட்ட ரத்தம் என்று ஒரு சொல் அந்த மாமியார் காதில் விழுந்திருந்தால் வளையல் போட்ட கையோடு அவளை எங்கள் வீட்டில் ஒரேயடியாகக் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.

அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைதானா? பாதிதான். என்னால் என் குழந்தைக்கு வந்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது... அது மீதிப் பாதி. வார்டுக்குத் திரும்பி வந்து தேவகியிடம், "யார்கிட்டேர்ந்தும் வரலையாம், தானா வந்ததாம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் தன் வயிற்றில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்!

கோமளாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று, சிவப்பாக, கத்தினால் நெமிலிச்சேரி ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! என் பொய் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். தாய்மாமன் என்று முதல் ஆளாக மடியில் வாங்கிக்கொண்டேன். வெட்கமே இல்லாமல்.

இரண்டு வருடம் கழித்து அந்த ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பெருங்குடலிலும் எலும்பிலும் ரத்தத்திலும் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல், அதுவும் இளம் வயதிலேயே வரலாம் என்றார். ரத்தசோகை இல்லாமல் மாற்றத்தை மட்டும் சுமக்கிறவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை, ஆராய்ச்சி நடக்கிறது, ஆனாலும் நீங்கள் பார்த்துக்கொள்வது நல்லது என்றார். "நல்லவேளை, உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க இல்ல. இருந்திருந்தா அவங்களையும் கூப்பிட்டிருப்போம்."

நல்லவேளை! அந்த இடத்திலேயே, "மேடம், ஒருத்தி இருக்கா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இதற்கு மேல் சொல்வதைத்தான் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். நான் மட்டும் போய்ச் சோதனை செய்துகொண்டேன்! கம்பெனியில் பரிசோதனை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னேன். உள்ளே ஒரு சிறிய கட்டி இருந்தது. இன்னும் புற்றாக மாறவில்லை, விட்டிருந்தால் மாறியிருக்கலாம் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். பிழைத்தேன். மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது கோமளாதான். சத்தியமாக அவள்தான்.

ஆனால் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், தீபாவளி போகட்டும், பிள்ளைக்கு மொட்டை அடித்த பிறகு சொல்லலாம்... அவள் வேறு வீடு, அவள் புருஷன் பார்த்துக்கொள்வான் என்றும் ஒரு சமாதானம். கல்யாணமானதும் குலதெய்வம் மாறும். ரத்தமுமா மாறும்? எனக்குத் தெரியாதா அது?

போன மாதம் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மெலிந்திருந்தாள். சாப்பாடு போட்டுவிட்டு, அவள் பாட்டுக்குச் சொன்னாள்:

"மூலம் ண்ணா. ரத்தமா போய்கினே கீது. நாட்டு மருந்துக் கடைல பொடி வாங்கித் துன்றேன். அண்ணியாண்ட சொல்லிக்கினு இருக்காத, அசிங்கமா கீது."

என் கையில் இருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா ண்ணா, பேயறைஞ்ச மாதிரி கீற? மூலம் எனக்கா உனக்கா?" என்று சிரித்தாள்.

அடுத்த நாளே ஆவடியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவரே கண்டுபிடித்துவிடுவார், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று நம்பினேன். கோழையின் கணக்கு அது. டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகத்தான் விசாரித்தார்.

"வீட்டுல யாருக்காவது குடல்ல கட்டி, கேன்சர், ரத்தத்துல ஏதாவது நோய்?"

"எங்க ஊட்ல அதெல்லாம் யாருக்கும் கிடையாது டாக்டர்" என்றாள் கோமளா. "எங்க அண்ணன் கொயந்தைக்குதான் ரத்தம் ஏத்துறாங்கோ, அதுகூட தானா வந்ததாம். தோ, எங்க அண்ணனையே பாருங்களேன். கல்லு மாதிரி குந்திகினு கீறாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்படியா சார்?"

நான்... "ஆமா சார்" என்றேன்.

முதல் பொய்க்காவது ஒரு வளைகாப்பு இருந்தது. இதற்கு என்ன இருந்தது? பயம். அவ்வளவுதான். சொன்னால் எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள். உங்களுக்குப் பார்த்துக்கொண்டீர்களா என்று கேட்பார்கள். என் கட்டியை எடுத்துவிட்டு அவளை விட்டுவைத்தேன் என்பதை அவளே கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

வயசு கம்மி, பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிற்கவில்லை என்றால் வரச் சொன்னார். குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். வெளியே வந்ததும் கோமளா பெருமூச்சு விட்டாள். "நீ கூட வந்தது எனக்கு எவ்ளோ தைரியமா இருந்துச்சு தெரியுமா" என்றாள். ஸ்டேஷனில் எனக்கு சுண்டல் வாங்கிக் கொடுத்தாள். தின்றேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. குழாய் விட்டுப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு மட்டும்தான் பயம். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. பார்க்காதவரைக்கும் அது மூலம்தான்... பார்த்துவிட்டால் அது என் கை செய்த வேலை. இப்படி ஒருவன் நினைப்பானா? நான் நினைக்கிறேனே!

இன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் போன் வந்தது.

"ண்ணா, மாத்திர தீந்துடுச்சு. இன்னும் நிக்கல. டாக்டராண்ட போலாமா, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமா? எனுக்கு ஒண்ணும் புரியல. நீ சொல்றதுதான்."

பஸ் வந்து நின்று, ஆட்கள் ஏறி, கிளம்பியும் போய்விட்டது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாள் பாக்கலாம் கோமளா" என்றேன்.

"சரி ண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.