திண்டில் பதித்த ஜல்லி

போன மாதம் ஒரு டாக்டர் முன்னால் நான் பேசிய ஒரு வாக்கியத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருப்பவர் தனலட்சுமி அக்கா. எழுபதைத் தாண்டியவர். ரிஷிவந்தியம் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியில் மகன் கட்டிய வீட்டில் இருக்கிறார். மகனுக்கு ஓசூரில் வேலை. அதனால் அக்காவுக்கு சுகர் டெஸ்ட் என்றால் காரில் அழைத்துப்போவது நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு... இல்லையென்று சொன்னால் பொய்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரின் புருவம் ஏறியது.

"ரொம்ப ஜாஸ்தியா இருக்கேம்மா. தினமும் நடக்கறீங்களா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க டாக்டர் நடக்கறாங்க? நாள் பூரா டிவி முன்னாடிதான்!"

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் மடியிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அட்வைஸ். "நாளைக்குக் காலைல நானே வரேன் அக்கா. பிள்ளையார் கோயில் வரைக்கும் நடக்கறோம். சாக்கு சொல்லக் கூடாது, ஆமா!"

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

நான் அட்வைஸ் செய்யக்கூடியவள் என்பது உங்களுக்குப் புதிதில்லை. கல்வராயன் மலைக்குப் போய் அருவி வரை நடந்ததைப் பற்றி இதே பக்கத்தில் எழுதினேனே, நினைவிருக்கிறதா? நடக்காதவர்களை அதில் ஒரு பிடி பிடித்திருந்தேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். காரில் மலையேறி, கொஞ்சம் நடந்துவிட்டு, காரிலேயே திரும்பி வந்தவள் எழுதியது அது!

மறுநாள் விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். அக்கா தயாராக இருந்தார். கிளம்பினோம்.

எங்கள் தெருவை நான் முழுசாக நடந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாகப் பார்த்ததெல்லாம் கார் கண்ணாடி வழியாக. கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரானதும் எங்கள் பக்கம் வீடுகள் மளமளவென்று எழுந்தன. வீட்டுக்கு வீடு கார். கார் ஏற வாசலில் ஒரு சிமென்ட் சரிவு. சாக்கடைக்கு மேல் போட்ட பலகைக்கல் ஒரு வீட்டு முன் இருக்கிறது, அடுத்த வீட்டு முன் இல்லை.

"ஓரமா வாங்க அக்கா" என்றேன்.

"ஓரம் எங்கம்மா இருக்குது? ஏறுனா முட்டி வலிக்குது, எறங்குனா வழுக்கிடுமோன்னு பயமா இருக்குது. நான் இப்டியே ரோட்ல வரேன்."

பின்னாலிருந்து பால் வண்டி ஹாரன் அடித்தது. அக்கா திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீடு தெருவின் நடுவில். அங்கே வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கையை முட்டியில் ஊன்றி, மறுகையைப் பின்னால் நீட்டி, எங்கள் காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி, உட்காரப் போகிறவர் மாதிரி பாதி குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"வாம்மா, போலாம்."

ஏன் உட்காரவில்லை? நான் சுவரைப் பார்த்தேன்.

சுவரின் அடியில், தெருப்பக்கமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் திண்டு உண்டு. அதன் மேல் கருங்கல் ஜல்லி... வரிசை வரிசையாக, கூர்முனை மேலே தெரிய. போன வருஷம் நான் பதிக்கச் சொன்னதுதான். சாயங்காலம் ஆனால் காலேஜ் பையன்கள் அதில் உட்கார்ந்து போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. கொத்தனாரை வரவழைத்தேன்.

"காலைல தனலட்சுமி அக்கா இதுல உட்காருவாங்களே" என்று அன்றைக்கே என் கணவர் கேட்டார்.

"அவங்களுக்கென்ன, பெல் அடிச்சா உள்ளயே வந்து உட்காரட்டும்" என்றேன். பெரிய மனசு எனக்கு!

விடிகாலையில் இன்னொருவர் வீட்டு பெல்லை அடித்து, 'கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்' என்று யாராவது கேட்பார்களா? நான் கேட்பேனா?

"அக்கா... இதனாலதான் நடக்கறத விட்டுட்டீங்களா?"

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோயிலு வரைக்கும் ஒரே மூச்சுல போவ முடியலம்மா. பாதில செத்த நேரம் ஒக்காந்தா, அப்பறம் போயிடுவேன். தெனம் அப்டித்தான் போய்க்கினு இருந்தேன். ஆம்பளைங்கன்னா டீக்கடை பெஞ்சுல ஒக்காந்துக்கறாங்க. நான் போய் அங்க ஒக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"இன்னான்னு சொல்றது? உன் வூட்டு செவுரு. உன் இஷ்டம்."

"டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"அதான் நீ சொல்லிட்டியேம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

"உள்ள வாங்க அக்கா" என்றேன். "காலெல்லாம் மண்ணும்மா, வேணாம்" என்றுவிட்டார். ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துவந்து தெருவில் போட்டேன். அவர் உட்கார்ந்தார். எதிரே பைக்கில் வந்தவர் வளைத்து ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு முறை முறைத்தார். அக்கா உடனே எழுந்துவிட்டார். கோயில் வரை போகவில்லை. நான் கைபிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

வயதானவர்கள் நடப்பதில்லை என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! நடக்கக் கால் மட்டும் போதுமா? நடுவில் உட்கார ஓர் இடம் வேண்டாமா? ஒருவர் சரிவு கட்டுகிறார், ஒருவர் பூந்தொட்டி வைக்கிறார், ஒருவர் சங்கிலி போடுகிறார். எல்லோரும் அவரவர் வாசலைத்தான் பார்த்துக்கொள்கிறோம். இதில் யார் மேல் குற்றம்? மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. கூர்முனை பதித்தவள் நான்.

அன்றைக்கே அதே கொத்தனாரை வரச்சொன்னேன். ஜல்லியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கெட்டியா நிக்கணும்னு நீங்கதானங்க சொன்னீங்க? நல்லா புடிச்சிக்கினு இருக்குதுங்க."

உளி வைத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். அந்தச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா பால்கனிக்கு வந்தார். "என்னாச்சு, ஏன் எடுக்கறீங்க?" என்றார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ரிப்பேர்" என்றேன். இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

சிமென்ட் பூசி, மழமழவென்று தேய்த்து, நன்றாகக் காயவிட்டோம். காய்ந்த முதல் சாயங்காலமே பையன்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சிரித்தார்கள். ஜன்னலருகே நின்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். சிரிக்கட்டும்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அப்டியா? எனக்காவ எதுக்கும்மா செலவு" என்றார். மன்னிப்பு கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டு காபி போடப் போனார்.

மறுநாள் காலை வந்தார். பால் வண்டிக்கு ஒதுங்கி, சரிவுகளைச் சுற்றிக்கொண்டு, ரோட்டோடு ரோடாக நடந்து வந்தார். சரிவுகளை நான் என்ன செய்ய? எங்கள் வீட்டுச் சரிவைக் குறைப்பது பற்றிக் கணவரிடம் பேச்சு நடக்கிறது, இன்னும் முடியவில்லை.

திண்டருகே நின்றார். உடனே உட்காரவில்லை. குனிந்து, உள்ளங்கையால் அந்தச் சிமென்ட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

இப்போது தினமும் வருகிறார். தினமும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்... நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.