சீனி என்று சொல்லாதவள்

போன வாரம் பழைய வேலையிடத் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். கீழே, "நம்ம சார்டி, பாரேன்" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை. சார் நரைத்த தாடியோடு ஏதோ இணைய வகுப்பில் பேசிக்கொண்டிருந்தார். உளப்பகுப்பாய்வும் மொழியும் என்று தலைப்பு. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். கொஞ்ச நேரத்தில், "தேனியில் எனக்கு ஒரு கேஸ் வந்தது. சீனியைக் கண்டால் வாந்தி எடுக்கும் பெண்" என்று ஆரம்பித்தார். போனைக் கவிழ்த்து வைத்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

வெங்காய நெடி போய், எங்கிருந்தோ டெட்டாலும் ஏலக்காயும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. சாரின் மனநல ஆலோசனை மையம் தேனியில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. பக்கத்துக் கட்டடம் ஏலக்காய்க் குடோன். கீழிருந்து டெட்டால், பக்கத்திலிருந்து ஏலக்காய். படிப்பு முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். கெங்குவார்பட்டியிலிருந்து தினமும் பஸ். வருகிறவர்களின் விவரத்தைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிவைப்பது என் வேலை. சார் சென்னைக்காரர். எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்குப் பாதி புரியாது. மீதியை நான் புரியவைக்க வேண்டும்.

டீ வேளையில் சார் பாடம் நடத்துவார். நாம் பிறக்கும் முன்பே நமக்கான சொற்கள் வீட்டில் காத்துக்கிடக்கின்றன என்பார். எதற்கு ஆசைப்பட வேண்டும் என்பதையும் பிறரிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறோம். வாய் சொல்ல முடியாததை உடம்பு சொல்லிவிடும். நாக்குத் தவறிச் சொன்னதில்தான் நிஜம் இருக்கும். நான் சொக்கிப்போனேன். கெங்குவார்பட்டிக்கு டிக்கெட் கேட்டால் வத்தலக்குண்டுக்குக் கிழித்துக் கொடுத்த கண்டக்டரின் பிள்ளைப் பருவத்தை ஊர் வந்து சேரும் வரை ஆராய்ந்தவள் நான். வீட்டில் அம்மா என் பெயரை மாற்றிக் கூப்பிட்டால்கூட, "ஏன் அந்தப் பேரு வந்துச்சு, யோசிச்சுப் பாரும்மா" என்பேன். அடிக்காமல் விட்டது அவள் பெருந்தன்மை.

அப்போதுதான் கூடலூரிலிருந்து ஈஸ்வரி வந்தாள். முப்பது வயதிருக்கும். கூட மாமியார். புருஷன் குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். மூன்று மாதமாக வாந்தி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

"என்ன சாப்பிட்டாத்தான் வாந்தி வருது?" என்று கேட்டேன்.

"வெள்ளைதான் சேர மாட்டேங்குது. காப்பில வெள்ளை கெடந்தாலே ஓங்கரிச்சுக்கிட்டு வருது" என்றாள்.

பால் என்று எழுதிக்கொண்டேன். அதற்கு முன் பார்த்த லேடி டாக்டர், 'வெள்ளை' என்றதும் வேறு அர்த்தம் பண்ணி ஒரு மாதம் வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். அவளும் முழுங்கியிருக்கிறாள்.

மறுமுறை வந்தபோது மாமியார்தான் உடைத்தார். "வெள்ளைன்னா பாலு இல்ல ஆத்தா, சீனி. எம்மகன் பேரு சீனிச்சாமி. புருசன் பேர எப்பிடிச் சொல்லுவா? அதான் சீனிய வெள்ளைங்கிறா."

சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். புதையல் கிடைத்தவர் முகம். மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு ஈஸ்வரியிடம், "உங்களுக்குக் குமட்டுறது சீனி இல்லம்மா. சீனிச்சாமி" என்றார்.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, அத விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்? உங்களுக்கு மட்டும்?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்."

சார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சார் கண்டுபிடித்தது தப்பென்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. அவள் உடம்பு எதையோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது; தன் ஆசையைக்கூட இன்னொருவரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு, அதை வைத்து நாங்கள் செய்ததுதான் அசிங்கம்.

அந்தச் சனிக்கிழமை கல்லூரி மாணவர்களுக்கு சார் வகுப்பெடுத்தார். ஈஸ்வரியின் கதையைச் சொன்னார். பெயரை மட்டும் சொல்லவில்லை. கூடலூர், ஜீப், சீனி எல்லாம் சொன்னார். நடுவில் என் பக்கம் திரும்பி, "அவங்க எப்படிப் பேசினாங்க? நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றார். நான் எழுந்து நின்றேன். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு, அவள் குரலில், அவள் இழுப்போடு, "வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கு அது பிடித்திருந்தது. சீ, எவ்வளவு பிடித்திருந்தது!

மூன்றாவது வரிசையில் கூடலூர்ப் பையன் ஒருவன் இருந்தான். யார் வீட்டுக் கதை என்று அவன் கண்டுபிடிக்க எத்தனை நேரமாகும்?

பத்து நாள் கழித்து சீனிச்சாமி வந்தார். தனியாக. ஒல்லியான ஆள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சார் உள்ளே இருந்தார். என் மேசை முன்னால் நின்று கேட்டார்:

"ஏங்க மேடம், நான் என்ன அம்புட்டுக் குமட்டுற ஆளா?"

கையிலிருந்த பேனாவை மூடிவைத்தேன்.

"ஜீப்ல ஏறுறவுகெல்லாம் கேக்குறாக, இன்னைக்கு வீட்ல காப்பியா வாந்தியான்னு. எங்காத்தா அவள நடுவீட்ல நிக்கவச்சு, எம்மகன் பேரச் சொல்லுடின்னாக. சொந்தக்காரவுக எல்லாம் நின்னாக. சொல்லிட்டா. சீனிச்சாமின்னு மூணு தடவ சொல்லிட்டா. அதுக்குப் பெறகு யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசல."

"வாந்தி?"

"அது இல்ல. சீனி போட்ட காப்பியக் குடுத்தாக் குடிக்கிறா. பேச்சுத்தான் இல்ல."

சார் வெளியே வந்து கேட்டுக்கொண்டார். "வாந்தி நின்னுடுச்சா? ரொம்ப நல்லது" என்றார். அன்று மாலை அவள் கோப்பில் 'குணமடைந்தார்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்துதான்.

அடுத்த மாதம் வேலையை விட்டேன். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கக் கூடலூர் போனேன். வீட்டை விசாரித்துத் தெருமுனை வரை போய்விட்டேன். அவள் அங்கே குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். சுற்றி இருந்த பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி, வந்த பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் பேச ஆரம்பித்தாள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளிடம் மட்டும், தேவைக்கு மட்டும்.

இன்று அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லியே போனில் சண்டை போடுகிறார்கள். சந்தோஷம்தான். அந்த வழக்கம் ஒழிந்ததற்கு நான் வருத்தப்பட மாட்டேன். மையம் இருந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள், அதுவும் போகட்டும்.

ஈஸ்வரி வந்த முதல் நாள் சார் வரத் தாமதமாயிற்று. மாமியார் கீழே மருந்து வாங்கப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் ஈஸ்வரி என்னிடம் பேசினாள். யாரும் கேட்காமலே, நிறுத்தாமல், கையை ஆட்டி ஆட்டி, நடுவில் ஒருமுறை சிரித்துக்கூடப் பேசினாள். எதைப் பற்றி என்று எவ்வளவோ முட்டிப் பார்க்கிறேன். ஒரு சொல்கூடத் திரும்பி வரவில்லை. நான் ஆங்கிலத்தில் எழுதிவைத்த வரி மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: 'நோயாளி அதிகம் பேசுகிறார், குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.'