சினை ஆட்டு விலை

எங்கள் மாமாவிடம் அந்தக் காலத்திலேயே இரண்டு கைபேசிகள் இருந்தன. ஒன்றில் பேசுவார், இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு ஒரே தம்பி. திண்டிவனத்தில் குடித்தனம். தவணைக்கு பிரிட்ஜ் விற்றார், இன்சூரன்ஸ் பிடித்தார், நடுவில் கொஞ்ச நாள் மூட்டுவலிக்கு ஒரு தைலம்கூட விற்றார். எதை விற்றாலும் முதலில் தானே ஒன்று வாங்கிவிடுவார். அது அவருடைய நல்ல குணம். அவருடைய கஷ்டங்களுக்கெல்லாம் காரணமும் அதுதான்.

எங்கள் ஊர் ஒலக்கூருக்குப் பக்கம். நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது நாங்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் கொல்லையில் ஒரு ஓரம் போய்விட்டது. அதற்கு ஈடாக வந்தது இரண்டு லட்சம். பணம் வந்த நாளிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு திட்டம் ஓடியது. அப்பாவுக்கு மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டும். மூன்றாம் வகுப்பு படித்த எனக்கு ஒரு சைக்கிள் வேண்டும். அம்மா எங்கள் இருவர் வாயையும் ஒரே பேச்சில் அடைத்துவிட்டாள்.

"அது பெரியவ நர்ஸ் படிக்கிறதுக்கு. கைய வெக்காதீங்க."

அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கிளினிக் டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவாள். எங்கள் உறவில் பள்ளியைத் தாண்டிப் படித்த பெண் அதுவரை ஒருத்திகூட இல்லை. நிலம் போனது போனதுதான், அந்தப் பணத்தில் ஒரு பெண்ணாவது தன் காலில் நிற்கட்டும் என்பது அம்மாவின் பிடிவாதம்.

இந்த நேரத்தில்தான் மாமா விழுப்புரத்தில் ஒரு ஓட்டலில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, கழுத்தில் தொங்கிய அட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை மியூச்சுவல் ஃபண்ட். ஊரார் பணத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு கம்பெனி பங்குகள் வாங்கும், நாம் போட்ட பணத்துக்கு யூனிட் என்று கணக்கு வைத்துக்கொள்ளும் என்றார். அது வரைக்கும் அப்பா கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தார். அப்பாவை மாமா 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, ஒரு யூனிட்டு இருபது ரூபா. அடுத்த வாரம் யூனிட்டுக்கு ரெண்டு ரூபா டிவிடெண்டு குடுக்கறாங்க. அறிவிச்சே உட்டாங்க. அதுக்குள்ள ஜல்தியா போட்டுட்டோம்னா பத்துக்கு ஒண்ணு கைல வந்துடும்."

அப்பாவின் கொட்டாவி பாதியில் நின்றது. "பாங்கியில வருஷம் பூரா வெச்சாலும் இவ்ளோ தேறாதே?"

"போட்ட பணம் இருக்குமாடா?" என்றாள் அம்மா.

"அது எங்க போவப் போவுதுக்கா? அது அப்டியே இருக்கும்."

மாமா பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததையும் அதே குரலில் சேர்த்துச் சொன்னார். அக்கா படிக்கப் போக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அதற்குள் பணம் கொஞ்சம் பெருகினால் நல்லதுதானே என்று அம்மாவும் தலையை ஆட்டினாள்.

சொன்னபடியே சொன்ன வாரத்தில் இருபதாயிரம் ரூபாய் அப்பாவின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அப்பா அந்தக் குறுஞ்செய்தியைத் தெருவில் பலருக்கும் காட்டினார், கேட்காதவர்களுக்கும் காட்டினார். மறுநாள் குடும்பத்தோடு திண்டிவனம் போனோம். மாமா வீட்டாரையும் கூட்டிக்கொண்டு பிரியாணி சாப்பிட்டோம். அம்மாவுக்கு மிக்ஸி, எனக்கு ஊதா நிறத்தில் ஒரு சைக்கிள். அக்கா மட்டும் மருந்துக்கடையில் ஒரு தெர்மாமீட்டர் போதும் என்றாள். எவ்வளவு சின்ன ஆசை என்று எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. மீதிப் பணத்தில் அப்பா மாடி அறைக்குச் செங்கல் வாங்கி வாசலில் இறக்கினார். அடுத்தடுத்து வரப்போகும் டிவிடெண்டில் சிமெண்டும் கம்பியும் வாங்கிவிடலாம் என்று கணக்கு.

வெற்றி தலைக்கேறினால் மனிதனுக்கு யோசனைகளும் பெருக்கெடுக்கும். ஒரே ஃபண்டில் பணத்தைப் போட்டுவிட்டு ஏன் காத்துக்கிடக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது.

"ஆடி மாசத்துல ஊரு ஊருக்குக் கூழு ஊத்தறாங்க. நாம ஒரே கோயில்ல சொம்ப நீட்டிக்கினு குந்தினு இருக்கணுமா? இன்னிக்கு எங்க ஊத்தறாங்களோ அங்க போவணும்."

மாமா தன் இரண்டாவது கைபேசியை முதன்முறையாகப் பயன்படுத்தி விசாரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு ஃபண்டில் ஊற்றுகிறார்களாம். இதிலிருந்து மொத்தத்தையும் எடுத்து அதில் போட வேண்டும், அதில் வாங்கிக்கொண்டு இன்னொன்றுக்குப் போக வேண்டும். இப்படியே போனால் வருஷக் கடைசியில் மாடி என்ன, மாடிக்கு மேல் மாடியே கட்டலாம். ஃபண்ட் கம்பெனியின் விழுப்புரம் அலுவலகத்துக்கு எல்லோரும் பாசஞ்சர் ரயிலில் கிளம்பினோம். பள்ளி விடுமுறை. இன்னொரு பிரியாணி நிச்சயம் என்று நான் காலையில் சாப்பிடாமலே வந்தேன்.

அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. ஏசி குளிரில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அக்காவைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். அப்பா, "எல்லாத்தையும் எடுத்துக் குடும்மா" என்றார், ஏதோ குதிரிலிருந்து நெல்லை அள்ளித் தரச் சொல்வதுபோல. அவள் கணினியைப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரும் என்றாள்.

"ரெண்டு லட்சம் போட்டேம்மா."

"ஆமாங்க சார். அதுல இருபதாயிரம் வாங்கிட்டீங்களே."

"அது டிவிடெண்டு. நான் போட்டது எங்க?"

அப்பாவின் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டுக்காரன் பாதி நிலத்தைப் பிடுங்கினான், மீதியை ஏசி போட்டுப் பிடுங்குகிறீர்களா என்று கேட்டார். போனது ஓரம்தான், பாதியில்லை. கோபத்தில் யார் அளந்து பார்க்கிறார்கள்? பிறகு மாமாவிடம் திரும்பி, "பொண்ணு படிப்புல கைய வெச்சிட்டியே" என்றார். "நானும் போட்ருக்கேன் மாமா, என் பொண்டாட்டி நகைய அடகு வெச்சி" என்றார் மாமா. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் மனிதர் அவ்வளவு மெல்லிய குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண்ணுக்கு இது பழகிப்போன சண்டையாக இருந்திருக்க வேண்டும். அவள் பதற்றப்படாமல் சொன்னாள்.

"யாரும் எதையும் எடுக்கல சார். நீங்க வாங்கறப்ப ஒரு யூனிட்டு இருபது ரூபா. அதுக்குள்ளயே அந்த ரெண்டு ரூபாயும் இருந்துச்சு. அதை எடுத்து உங்க கையில குடுத்துட்டாங்க, இப்ப யூனிட்டு பதினெட்டு. கையில வந்ததையும் உள்ள இருக்கறதையும் சேத்துப் பாருங்க. உங்களுக்கு நஷ்டமும் இல்ல, லாபமும் இல்ல."

"அப்ப வந்த இருபதாயிரம்?"

"அது உங்க பணந்தான் சார்."

தன் பணத்தைத் தனக்கே திருப்பிக் கொடுத்ததற்கு ஊரைக்கூட்டி விருந்து வைத்த மனிதர் எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருப்பார் என்று இப்போது சிரிக்கிறேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அம்மாதான் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல ஆரம்பித்தாள். அம்மா சந்தையில் ஆடு வாங்கி விற்பவள். வயிற்றைத் தடவிப் பார்த்தே ஆட்டுக்கு விலை சொல்வாள்.

"சினை ஆட்ட சினை வெல குடுத்து வாங்கியாந்துருக்கோம். வந்த வாரமே அது குட்டி போட்டுருச்சு. அந்தக் குட்டிக்கும் சேத்துதான காசு குடுத்தோம்? அது எப்டி லாபமாவும்?"

"அதேதாம்மா" என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"குட்டிய அன்னிக்கே அறுத்துத் துன்னுட்டோம். இப்ப வந்து ஆடு ஏன் எளச்சிப் போச்சுன்னு சண்ட போடறோம்." அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இத வித்துட்டு இன்னொரு சினை ஆடு வாங்கினாலும் இதே கதைதாங்க. அதுவும் சினை வெலதான சொல்வாங்க?"

ஊர் ஊராகக் கூழ் குடிக்கும் திட்டம் அந்த இடத்திலேயே உயிரை விட்டது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அது அந்தப் பெண்ணின் தண்ணீர்.

அம்மா அதற்குப் பிறகு கேட்ட கேள்வி எனக்கு அன்று பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

"வராம வெக்க முடியுமாம்மா?"

முடியுமாம். குரோத் என்று ஒரு வகை இருக்கிறதாம். அதில் லாபம் வந்தாலும் வெளியே தர மாட்டார்கள், உள்ளேயே கிடந்து வளரும். "ஆனா ஏறும், எறங்கும். நிச்சயமா இவ்ளோ வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

"ஆடுன்னா நோவும்தான் வரும்" என்றாள் அம்மா.

தரையையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "காலேஜு ஃபீஸும் வருஷா வருஷம் ஏறுதும்மா. அதத் தாண்டி ஏறினாதான் நமக்கு ஏறினதா அர்த்தம்" என்றாள். பத்தாம் வகுப்புப் பெண் பேசும் பேச்சா இது என்று அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "செங்கல்ல என்னா பண்றது?" என்று கேட்டார்.

"அடுக்கி வைங்க. அது எளைக்காது" என்றாள் அம்மா.

திரும்பும் ரயிலில் அப்பாவும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காமல் வந்தார்கள். மாமா இறங்க வேண்டிய திண்டிவனம் நெருங்கும்போது அப்பா, "மச்சான், ஞாயித்துக்கெழம வா. செங்கல்ல பின்னால தூக்கி வெக்கணும்" என்றார். மாமா தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். எனக்கோ பசி. அன்று யாரும் பிரியாணிப் பேச்சே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பெரிய வறட்சி. மாமா மூலமாகப் பணம் போட்டிருந்த என் தோழி வீட்டில் மட்டும் அவ்வப்போது டிவிடெண்ட் வந்துகொண்டிருந்தது. வந்த அன்று அவள் புது ரிப்பனோ புது செருப்போ காட்டுவாள். நான் ஓடிப்போய் அம்மாவிடம் கேட்பேன்.

"நமக்கு வந்துச்சாம்மா?"

"வரலடி" என்பாள், சாணி தட்டியபடியே, சிரித்துக்கொண்டு. பணம் வரவில்லை என்பதைச் சிரித்துக்கொண்டு சொன்ன ஒரே ஆள் அந்தத் தெருவில் எங்கள் அம்மாதான். எனக்கு அழுகையாக வரும். ஒரு வருஷம் பங்குச் சந்தை விழுந்தது என்று மாமா வெளிறிப்போன முகத்தோடு வந்து நின்றார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, "கெடக்கட்டும்டா. பொண்ணு இன்னும் ப்ளஸ் டூ முடிக்கல" என்றாள். பிறகு அது எழுந்தும்விட்டது. மாமா தன் மனைவியின் நகையை மீட்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடம் பேசினாலும் முதலில் சினை ஆட்டிலிருந்துதான் தொடங்குவார், சொந்தமாகக் கண்டுபிடித்தவர் மாதிரி.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் புதுச்சேரிப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதற்குள் கட்டணம் நன்றாகவே ஏறியிருந்தது. உள்ளே கிடந்த பணம் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஏறியிருந்தது. முதல் வருஷத்துக்கும் விடுதிக்கும் வேண்டியதை மட்டும் எடுத்துக் கட்டினார்கள், மீதியைத் தொடவில்லை. அக்காவை விடுதியில் விட்டபோது அவள் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, அழாமல் உள்ளே போனாள்.

திண்டிவனத்துக்குத் திரும்பும் பேருந்தில் அப்பா தூங்கிவிட்டார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மூன்று வருஷம் காத்திருந்தோம். பிரியாணி இல்லை, துணிமணி இல்லை, மாடி இல்லை. வீட்டில் இருந்த ஒருத்தியும் போய்விட்டாள். இவ்வளவு மோசமான வியாபாரம் உண்டா என்று தோன்றியது. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"இந்தத் தடவையும் நமக்கு ஒண்ணுமே வரலியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "வந்துருச்சுடி" என்றாள்.

நான் அவள் மடியில் இருந்த பையைத் துழாவினேன். ஒரு ரசீதும், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலமும்தான் இருந்தன. எதையோ வாங்கி எனக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். அந்த வாரம் முழுவதும் அவள் இல்லாத நேரமாகப் பார்த்து, அரிசிப் பானைக்குள்ளும் துணிப் பெட்டிக்குள்ளும் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.