ஏணைக் கட்டையும் என் சகலையும்

ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பும் வரை செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினேன். டீ குடித்தேன், பேப்பர் பார்த்தேன், வாரத்துக்கு வேண்டிய யூனிஃபாரத்தை இஸ்திரி போட்டு மாட்டினேன். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் கடைந்து அனுப்பும் இரும்பை அளந்து, சரி அல்லது தள்ளுபடி என்று முத்திரை குத்துவது என் வேலை. நாஷ்டா முடிந்ததும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் லேத்தின் மேலிருந்து பழைய போர்வையை எடுத்தேன். அதுவரை எல்லா ஞாயிறும் போலத்தான்.

இது மேசைமேல் வைக்கும் சின்ன மர லேத். கோடையில் வாங்கினேன். கட்டையை இரண்டு முனைகளுக்கு நடுவே பிடித்துச் சுழற்றும். உளியைத் தாங்கியின் மேல் சாய்த்துக் கொடுத்தால் மரம் உருண்டையாகிக்கொண்டே வரும். கைப்பேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் முழுக்க உளி மரத்தைக் கடித்துக் கையை உதறிவிட்டதுதான் மிச்சம். சுற்றுகிற இரும்பைப் பல வருடங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். இதற்குப் பயப்படுவேன் என்று நினைக்கவில்லை.

ஜூனில் என் மனைவியின் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை ஏணையில், அதாவது புடவைத் தூளியில், போடும்போது, புடவையின் இரண்டு பக்கமும் சேர்ந்து முகத்தை மூடாமல் இருக்கக் குறுக்கே ஒரு கட்டை வைப்பார்கள். என் மாமனார் வீட்டில் அந்தக் கட்டை மூத்த அத்தை வீட்டிலிருந்து போகவேண்டும் என்பது வழக்கம். மூத்த அத்தை என் மனைவி. கடையில் வாங்கிவிடலாம் என்றாள். நானே கடைந்து தருகிறேன் என்றேன். வீட்டு வாசலில் கரண்ட் கம்பியில் உரசுகிறதென்று மின்வாரியத்தார் வெட்டிப் போட்ட வேப்பங்கிளை கிடந்தது. குழந்தைக்கு வேம்பு நல்லது என்று மாமியாரும் சொல்லிவிட்டார்.

இந்தச் செய்தி பொதட்டூர்பேட்டைக்கும் போனது. அங்கே உரக்கடை வைத்திருக்கும் என் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், போனில் கூப்பிட்டார். அவரும் லேத் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஒரே ஒரு தபா வந்து பார்க்கிறேன் என்றவர், ஊத்துக்கோட்டை வழியாக பைக்கில் மனைவியையும் உட்காரவைத்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் வர ஆரம்பித்தார்.

என் லேத்தை என்னைவிட நன்றாக அவர் ஓட்டினார் என்பதை எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. உளியை நான் கிடையாகப் பிடித்துச் சுரண்டுவேன், தூள் கொட்டும். அவர் உளியின் அடியை மரத்தில் படியவைத்து, லேசாகச் சாய்த்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவார். ஈர வேம்பு ரிப்பன் மாதிரி சுருண்டு சுருண்டு அவர் தோள்மேல் விழும். அக்காவும் தங்கையும் சமையலறையை விட்டு வந்து நின்று பார்த்தார்கள். கொழுந்தியாள் ஒரு சுருளை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள். என் மனைவி சிரித்தாள். அவர் சீவிய சுருள்களை முறத்தில் அள்ளி, வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று எடுத்து வைத்தாள். என் தூளைத் துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போட்டாள்.

ஏழாம் தேதி ஞாயிறு நான் என் கட்டையை முடித்தேன். ஒன்றேகால் அடி நீளம். அடிக்கடி நிறுத்தி, கம்பெனியில் இரும்பை அளப்பது போன்ற வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்து, எந்த இடத்தில் வைத்தாலும் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் வரும்படி செய்தேன். இரண்டு முனையிலும் அழகுக்கு மூன்று மூன்று வளையம் வெட்டினேன். அதே கிளையின் இன்னொரு துண்டில் சகலையும் ஒன்று கடைந்தார். அளக்கவில்லை. என் கட்டையை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, வளையத்தின் மேல் உளியால் லேசாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். தேவையில்லை என்று சொல்லிவிட்டுக் கறி வாங்கப் போனேன். வந்ததும் இரண்டையும் பேப்பரில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

பதினான்காம் தேதி காலை பேப்பரைப் பிரித்து, அடுத்த வாரம் ஏணை கட்டப்போகிறார்களே, கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று வெர்னியரை வைத்தேன். ஒரு பக்கம் முப்பத்தொன்றரை. திருப்பி வைத்தேன். முப்பத்தொன்றுக்கும் குறைவு. வெர்னியரைத் துடைத்து, வாயை மூடிப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, மறுபடி வைத்தேன். அதேதான்.

கம்பெனியில் வெள்ளிக்கிழமை அளந்த இரும்பு திங்கட்கிழமையும் அதே அளவுதான் இருக்கும். மாறியிருந்தால் ஒன்று கருவி கெட்டிருக்கவேண்டும், இல்லை யாரோ கை வைத்திருக்கவேண்டும். கருவி சரியாக இருந்தது. நான் கறிக்கடையில் நின்ற நேரத்தில் லேத்துக்குப் பக்கத்தில் யார் இருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஒரு இழுப்பை இழுத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியபோது கோபத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. ஒரு மாதமாக அவரிடம் ஒரு குற்றமாவது கிடைக்காதா என்று காத்திருந்தவன் நான்.

மனைவியிடம் சொன்னேன். மாவு கரைத்த கையோடு வந்து கட்டையைப் பார்த்தாள்.

"அவரு வேலய உட்டுட்டு உங்க கட்டய சீவிக்கினு இருந்தாராக்கும். வர்ற மனுசன்கிட்ட இத கேட்டு மானத்த வாங்காதீங்க."

கேட்டேன். பைக்கை நிறுத்தி, மாம்பழப் பையைக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை அவர். கட்டையையும் வெர்னியரையும் அவர் முன்னால் வைத்து, நான் இல்லாதபோது இதை மறுபடி லேத்தில் ஏற்றினீர்களா என்றேன். கொழுந்தியாள் என்னைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"இன்னா சகல, ஸ்டேசன்ல வச்சு கேக்குற மாரி கேக்குறீங்க" என்றார் அவர். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. "நா தொடல. தொட்டிருந்தா தொட்டேன்னு சொல்லிட்டுப் போறேன். எனக்கு இன்னா பயம்?"

"தொடாம எப்படிக் குறையும்?"

"அது எனக்கு இன்னாத்த தெரியும். நா இன்னா உங்கள மாரி அளந்துகினா இருக்கேன்? என்னுதயும் அளந்து பாருங்க. கொறஞ்சிருந்தா நீங்க சீவுனீங்கன்னு நா சொல்லட்டா?"

அவருடைய கட்டையை முதன்முறையாக அளந்தேன். அதுவும் உருண்டை இல்லை. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. அவர் கட்டையை அப்படிக் கடையவில்லை. லேத்தில் சுற்றி இறங்கிய எதுவும் உருண்டையாகத்தான் இறங்கும். முனையைத் திருப்பிப் பார்த்தேன். மரத்தின் ரேகைகள் எந்தத் திசையில் ஓடினவோ அந்தத் திசையில்தான் அளவு அதிகம் குறைந்திருந்தது. என் கட்டையைத் திருப்பினேன். அதிலும் அப்படியே. பச்சை மரம் அலமாரியில் இருந்த ஒரு வாரத்தில் காய்ந்து சுருங்கியிருக்கிறது. கருவியைச் சந்தேகப்பட்டேன், மனிதனைச் சந்தேகப்பட்டேன், மரத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

ஈரம் காய்ந்து சுருங்கிவிட்டது என்று மட்டும் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்போல, அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்ப ரெண்டும் கோணல்" என்றார். இப்போது சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "உடுங்க சகல. கொயந்தைக்கு இன்னா தெரியப்போவுது."

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மதியம் சாப்பாடு ஆனதும் எந்தக் கட்டை போவது என்ற பேச்சு வந்தது. மூத்த அத்தை வீட்டுக் கட்டை என்றால் அது என் கட்டைதான், இதில் பேச என்ன இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன். என் மனைவி உள்ளே போய், ஏணைக்கு எடுத்து வைத்திருந்த பழைய வாயில் புடவையைக் கொண்டுவந்தாள். சகலையின் கட்டையில் முந்தானையைச் சுற்றி இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. என்னுடையதில் சுற்றி இழுத்தாள். முதல் வளையத்தின் விளிம்பில் சிக்கியது. மெதுவாக விடுவித்து மறுபடி இழுத்தாள். மறுபடி சிக்கி, ஒரு நூல் நீண்டு வந்தது.

"இது புடவைய கிழிச்சிடும்ங்க" என்றாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து ஒதுக்குவது மாதிரி என் கட்டையை ஒதுக்கி வைத்தாள்.

சகலை உடனே சொன்னார்: "எதுவா இருந்தா இன்னா. உங்க ஊட்டு மரம், உங்க மிஷினு. அப்ப இது உங்க ஊட்டு கட்டதான் சகல. நா கூலிக்கு கடஞ்சேன்னு வச்சுக்குங்க."

தலையாட்டினேன். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். காலையில் நான் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்க அதுதான் சமயம் என்றும் தெரியும். மாம்பழம் நன்றாக இருந்தது என்றேன். கொழுந்தியாள் அவர் கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி மஞ்சள் பூசினாள். என் மனைவி அதைத் தன் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரப்படுத்தினாள். அவர்கள் கிளம்பும்போது, குழந்தை நடக்க ஆரம்பித்தால் நடைவண்டி வேண்டுமே, சக்கரத்தை நாமே கடைந்துவிடலாம் என்று சகலை வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னார். பார்க்கலாம் என்றேன்.

திங்கட்கிழமை காலை மோட்டார் போடுவதற்கு முன்னால் வாசலுக்குப் போனேன். மிச்சம் கிடந்த வேப்பந்துண்டுகளில் முடிச்சு இல்லாத, நேரான, பருமனான இரண்டைப் பொறுக்கினேன். காய நாளாகும், குழந்தை நடக்கவும் நாளாகும். அவற்றை மாடிப்படிக்கு அடியில், சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால், அடுத்த ஞாயிறு வருகிறவர் கண்ணில் படாதபடி வைத்துச் சாக்குப் போட்டு மூடினேன்.