ஸ்பீக்கர் சும்மா இருந்த நேரம்

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரேடியோ என்றால்தான் ஆஸ்பத்திரியில் தெரியும். ஆபரேஷன் தியேட்டரின் மூலையில் நரம்பைக் கண்காணிக்கும் கருவியோடு உட்கார்ந்திருப்பாள். அதன் ஸ்பீக்கர் நாள் முழுக்கக் கரகரவென்று இரையும். அவளோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். பதினோரு வருஷமாக அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ் நான். இந்தப் பெயரை வைத்த புண்ணியவதியும் நான்தான்.

காதுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் வளரும் கட்டிகளை எடுப்பது எங்கள் தியேட்டரின் வேலை. முகத்தை அசைக்கும் நரம்பு அந்தக் கட்டிமேல் நசுங்கி, நனைந்த காகிதம்போல ஒட்டிக் கிடக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் எது நரம்பு, எது கட்டியின் தோல் என்று பல நேரம் தெரியாது. அதனால் மயக்கம் கொடுத்ததும், நோயாளியின் கண்ணோரத்திலும் வாயோரத்திலும் ரேடியோ மெல்லிய ஊசிகளைக் குத்தி வயரை மாட்டுவாள். ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டர் லேசாகக் கரண்ட் வரும் குச்சியால் தொடுவார். நரம்பாக இருந்தால் முகத் தசை துடிக்கும், ஸ்பீக்கர் டொக் டொக் என்னும். அந்த டொக் சத்தம் வராவிட்டால் வெட்டலாம்.

ஒருமுறை சத்தம் வராததற்குக் காரணம் கழன்று கிடந்த ஒரு வயர். சந்தேகம் வந்தும் ரேடியோ பெரிய டாக்டருக்குப் பயந்து சொல்லவில்லை. நரம்பு அறுந்துபோய், அந்த நோயாளி இன்றும் மூட முடியாத ஒரு கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறார். வருஷா வருஷம் செக்கப்புக்கு வந்து எல்லோருக்கும் நன்றி சொல்வார். அன்றைக்கு மட்டும் ரேடியோ ஸ்டோர் ரூமை விட்டு வெளியே வரமாட்டாள். எனக்கு அவள்மேல் கோபமும் உண்டு, பரிதாபமும் உண்டு.

நான் சொல்லவந்த நாளில் ஆபரேஷனுக்கு வந்தவர் ஒரு தையல்காரம்மா. எலுமிச்சம்பழ அளவு கட்டி. உள்ளே கொண்டுபோகும் முன் ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பக்கக் காது போயிடும்னு சொல்லிட்டாங்க. போனா போகட்டும்மா. உதடு மட்டும் நிக்கணும். குண்டூசிய வாயில கவ்விக்கிட்டுத்தான் எனக்கு வேலையே ஓடுது."

ரேடியோ தலையாட்டினாள்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது. மதியம் மூன்றாகியும் கட்டியில் கால்வாசி உள்ளே இருந்தது. மயக்க டாக்டர் பசி தாங்காமல் சாப்பிடப் போக, வயிற்று ஆபரேஷன் செய்யும் தியேட்டரிலிருந்து மாற்று டாக்டர் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டர் குச்சியை நீட்டி ஒரு வெள்ளைப் பட்டையைத் தொட்டார். சத்தமில்லை. மறுபடியும் தொட்டார். சத்தமில்லை.

"நரம்பு இல்ல. சிஸ்டர், கத்திரி."

கண்ணை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் நீட்டினார். நான் கத்திரியை எடுத்துவிட்டேன்.

"கொடுக்காத," என்றாள் ரேடியோ.

பதினோரு வருஷத்தில் அந்தக் குரல் அவ்வளவு தெளிவாக வந்து நான் கேட்டதில்லை. கத்திரி என் கையிலேயே நின்றது. நீட்டிய கை காற்றில் நின்றது.

"என்னம்மா?"

"சார், சத்தமே இல்ல."

"அதான் வெட்டப் போறேன்."

"கரகரப்பு கூட இல்ல சார். எப்பவும் ஏதாவது இரையும். வீட்ல புள்ளைங்க கத்துனா நான் எழுந்து போக மாட்டேன். சத்தம் நின்னாத்தான் போய்ப் பாப்பேன்."

"இது உன் வீடு இல்லம்மா. வயரப் பாரு." அவர் குரலில் சூடு ஏறியிருந்தது. "சிஸ்டர், கத்திரி கேட்டேன்."

பெரிய டாக்டர் கேட்டதை ஒரு நொடி தாமதித்ததற்காக வேலை மாற்றப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் கொடுக்கவில்லை.

ரேடியோ துணிக்கு அடியில் குனிந்து வயர்களைத் தடவினாள். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு நோயாளியின் மணிக்கட்டில் நான்கு முறை கரண்ட் வைத்தாள். விரல்களும் நான்கு முறை துள்ள வேண்டும். ஒருமுறைகூடத் துள்ளவில்லை. அவள் மாற்று டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், தசை தளர்ற மருந்து கொடுத்தீங்களா?"

"லேசா அசைஞ்சாங்க. கொஞ்சம் போட்டேன்." அவர் இயல்பாகத்தான் சொன்னார். வயிற்று ஆபரேஷனில் நோயாளி அசைந்தால் யாரும் அதைத்தான் போடுவார்கள். எங்கள் தியேட்டரில் அதைப் போட்டால் முகம் துடிக்காது. நரம்பையே தொட்டாலும் ஸ்பீக்கர் ஊமைதான்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துப்போனார்.

பெரிய டாக்டர் நனைந்த பஞ்சால் காயத்தை மூடிவிட்டு, கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றார். மருந்தின் வேகம் தணிய நாற்பது நிமிஷம் ஆனது. சுவர்க் கடிகாரத்தையும் அந்த விரல்களையும் மாறி மாறிப் பார்த்தோம். விரல்கள் ஒருமுறை துள்ளின. பிறகு இரண்டு முறை. நான்காவது துள்ளல் வரும்வரை ரேடியோ யாரையும் குச்சியைத் தொட விடவில்லை.

அதே வெள்ளைப் பட்டையை அவர் மறுபடி தொட்டார்.

டொக். டொக். டொக்.

ஸ்பீக்கர் அலறியது. கத்திரி அப்போதும் என் கையில்தான் இருந்தது. மெதுவாகத் தட்டில் வைத்தேன்.

"ரேடியோ," என்றார் பெரிய டாக்டர். அவரும் அந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருந்தார். "இனிமே நீ சொன்னாத்தான் வெட்டுவேன்."

ஆபரேஷன் முடிய ஏழு மணியானது. பட்டைமேல் ஒட்டியிருந்த துளிக் கட்டியை அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் காலை ரேடியோ வார்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன், தனியாகப் போக அவளுக்குத் தெம்பில்லை. தலைக் கட்டோடு படுத்திருந்த தையல்காரம்மா உதட்டோரத்தைத் தடவிக் காட்டினார்.

"இங்க ரெண்டு புள்ளி இருக்கே, யாரும்மா குத்துனது?"

"நான்தாங்க."

"தையக்காரிக்கே ஊசி குத்திட்டியா?"

ரேடியோ சிரிக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த உதட்டோரத்தில் வைத்தாள். "இதக் கவ்விக்குங்க."

தையல்காரம்மா கவ்வினார். உதடு லேசாக நடுங்கியது, பிறகு இறுகியது. பேனா விழவில்லை.

போதும், விடுங்க என்று சொல்ல வேண்டியவள் ரேடியோதான். அவள் கண்ணீர் முகக்கவசத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா பேனாவைக் கவ்வியபடி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியில் நான்தான் அதைச் சொன்னேன்.